அரைப்புள்ளி

கோப்பை என் அலமாரியில்தான் இருக்கிறது.
தொண்ணூற்றேழு, நாகர்கோவில், சதுரங்கப் போட்டி.
ஒரு கைப்பிடி ஆடும்.
பிள்ளைகள் அதற்குள் பேனா மூடிகளும்
செல்லாத ஐந்து பைசாக்களும் போட்டுவைத்தார்கள்.

கடைசிச் சுற்று.
எதிரே வந்து உட்கார்ந்தவரின் நகங்களில் வெள்ளைப் பெயிண்ட்.
கை குலுக்கியபோது டர்ப்பன்டைன் வாசனை.
சீட்டில் பரராசசிங்கம் என்றிருந்தது.
ஊர் என்ற கட்டத்தில் கோழிவிளை,
அதற்கு முன்னால் எதையோ எழுதி அடித்த தடம்.
முகாம்காரர் என்று யாரோ காதில் சொன்னார்கள்.
நான் வங்கியில் வேலை பார்ப்பவன்.
எளிது என்று நினைத்தேன்.

பதினேழாம் நகர்த்தலில் என் ராணிக்குப் போக இடமில்லை.
இருபத்தாறில் ஒரு சிப்பாய் போயிற்று.
அவரோ பலகையைவிடக் கடிகாரத்தைத்தான் அதிகம் பார்த்தார்.
ஆட்டக் கடிகாரத்தை அல்ல,
அதில் அவருக்கு நாற்பது நிமிடம் மிச்சமிருந்தது.
பள்ளிக்கூடச் சுவரில்
சிலுவைக்குக் கீழே தொங்கியதை.

நாலு இருபது.
முப்பத்தெட்டாவது நகர்த்தலை ஆடிவிட்டுக் கையை நீட்டினார்.
"சமன் எண்டு முடிப்பமோ?"
என் ராஜா மூலையில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தது.
நான் யோசிக்கவே இல்லை.
பயந்துவிட்டார் என்றுகூட நினைத்தேன்,
கர்த்தர் மன்னிக்கட்டும்.
கையெழுத்துப் போட்டுவிட்டு
செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு
வடசேரிப் பக்கமாக ஓடினார்.

ஆறு மணிக்கு முகாமில் பெயர் கூப்பிடுவார்கள்.
மார்த்தாண்டம் பஸ் எவ்வளவு நேரம் இழுக்கும்,
அங்கிருந்து கோழிவிளைக்கு எவ்வளவு,
தினமும் போய்வரும் எனக்குத் தெரியாதா.
ஆனால் இரண்டையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தது
வெகுநாள் கழித்து.

பன்னிரண்டு வருடம்.
குழித்துறையில் வீடு கட்டினேன்.
கான்ட்ராக்டர் அனுப்பிய நாலு பேரில் ஒருவர்
சாரத்தில் ஏறும்முன் அலமாரியைத் தினத்தாளால் மூடினார்.
கோப்பையை மட்டும் தனியே எடுத்து
ஆடும் கைப்பிடிக்கு நூல் சுற்றி முடிச்சுப் போட்டார்.
அப்போதுதான் அந்த நகங்களைப் பார்த்தேன்.

அது மே மாதம். இரண்டாயிரத்து ஒன்பது.
டீவியில் ஓடிக்கொண்டிருந்ததை எழுந்துபோய் அணைத்தேன்.
"இருக்கட்டும் சேர்" என்றார், சுவரைப் பார்த்தபடி.
பிறகு, "அணைச்சது நல்லது."

அந்த ஆட்டம் நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.
ரோலரை நிறுத்தாமல்
முதல் நகர்த்தலிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார்.
ஈ நாலு, சீ அஞ்சு, குதிரை எஃப் மூண்டு,
சொட்டுச் சொட்டாகக் கீழே விழுந்தது.
கூட நின்ற அருமனைப் பையன்
"அண்ணன் என்ன மந்திரமா சொல்லுதீரு" என்று சிரித்தான்.
முப்பத்தெட்டு வந்தது.
முப்பத்தொன்பது? என்றேன்.
ரோலர் நின்றது.
"ஆடேல்லயே சேர். ஆடாததை எப்பிடிச் சொல்லுறது."

கட்டன்சாயா குடிக்கும்போது அவராகவே சொன்னார்,
கொழும்பில் வென்ற தாள்களெல்லாம் பேசாலைக் கரையோடு சரி.
படகுக்காரன் பாரம் என்றானாம்.
ஒரு பெட்டிதான், துணியா தாளா?
"மகளுக்கு மூண்டு வயசு. குளிர்."
அவ்வளவுதான்.
மரச்சீனிக்கு இன்னும் கொஞ்சம் மிளகு கேட்டார்.

கடைசி நாள் கூலியில் ஐநூறு கூட வைத்துக் கொடுத்தேன்.
எண்ணினார். ஒரு நோட்டைத் தனியே எடுத்து
சன்னல் கட்டையில் வைத்தார்,
பறக்காமலிருக்கப் பட்டிக் கத்தியை அதன்மேல் வைத்தார்.
"கணக்குப் பிழை" என்றார்.
கத்தியை மறந்துவிட்டுப் போனார்.
வருவார் என்று வைத்திருந்தேன்.

போன வாரம் மகனின் ஃபோனில்
அந்த நிலையை அடுக்கிப் பார்த்தேன்.
அதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.
யானையா, சிப்பாயா,
இங்கே எழுதமாட்டேன்.

கைப்பிடியில் அந்த நூல் இன்னும் இருக்கிறது,
வெள்ளைப் பெயிண்ட் பட்டு
விறைத்துப்போய்.